வாயு தீண்டிய உதடு

ஆடி மாதத்து விடியற்காலையில் பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தைக்குள் நுழைந்தவர்கள், அங்கே குவிந்து கிடக்கும் கத்தரிக்காயையும் வெண்டைக்காயையும் சின்ன வெங்காய மூட்டைகளையும், அவற்றை ஏற்றிக்கொண்டு செங்கோட்டை வழியாகக் கேரளத்துக்குப் புறப்படக் காத்திருக்கும் லாரிகளையும் கவனித்திருப்பார்களே அன்றி, மூட்டை சுமக்கிறவர்களின் உதடுகளைக் கவனித்திருக்க மாட்டார்கள். நான் கவனித்திருக்கிறேன். நீர் வற்றிய குளத்து வண்டல் பொருக்கு விட்டுப் பாளம் பாளமாய்க் கிளம்பி நிற்பதைப் போல, அவர்களுடைய கீழுதட்டுத் தோல் கறுத்துக் காய்ந்து ஓரம் தூக்கி நிற்கும். பேச்சுக்கு நடுவே அதைப் பல்லால் கடித்து இழுப்பார்கள். இழுத்த இடத்தில் ரத்தம் துளிர்க்கும். தோளில் கிடக்கும் துண்டின் நுனியால் ஒற்றிக்கொண்டு, ஒன்றுமே நடவாததுபோல அடுத்த மூட்டைக்குக் குனிவார்கள்.

இதில் விந்தை என்னவென்றால், இருபது கிலோமீட்டருக்குள்தான் குற்றாலம் இருக்கிறது. அங்கே அருவி ஆர்ப்பரித்துக் கொட்டுகிறது. தென்காசியில் பூந்தூறலாய்ச் சாரல் விழுகிறது. ஆகாயம் முழுவதும் மேகம் மூடிக் கிடக்கிறது. இத்தனை ஈரம் பக்கத்தில் இருக்கும்போது உதடு ஏன் காய வேண்டும் என்று கேட்டால், அதற்குரிய விடை மலையில் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தில் பெரும்பங்கை மலைக்கு அப்பால் மழையாக இறக்கிவைத்துவிட்டு, மேற்குத்தொடர்ச்சி மலை தாழ்ந்து வழிவிடும் ஆரியங்காவுக் கணவாயின் வழியே நெருக்கியடித்துக்கொண்டு இப்பக்கம் பாய்கிறது. கணவாயின் வாயிலேயே இருக்கும் செங்கோட்டைக்கும் குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் மிச்சமிருக்கும் ஈரம் சாரலாகக் கிடைத்துவிடுகிறது. கீழே இறங்க இறங்கக் காற்று சூடேறி உலர்ந்துபோவது பௌதிக நியதியாதலால், அவ்வூர்களுக்குக் கிழக்கே திருநெல்வேலிச் சாலையில் இருக்கும் பாவூர்சத்திரத்துக்கு வந்துசேரும்போது, சாரல் எப்போதாவது வரும் விருந்தாளியாகிவிட, காற்று மட்டும் வீட்டுக்காரனாக நிலைத்துவிடுகிறது. சுரண்டைப் பக்கம் காற்றாலைகளை நிறுத்தியவர்கள் இந்தக் கணக்கை அறிந்துதான் நிறுத்தினார்கள். கொடியில் போட்ட ஈர வேட்டி, மப்பும் மந்தாரமுமான நாளிலும் காற்றடித்தால் உலர்ந்துவிடுகிறதல்லவா? ஈரமான பரப்பின்மேல் மெல்லிய நீராவிப் படலம் ஒன்று எப்போதும் ஒட்டிக்கொண்டிருந்து மேலும் ஆவியாவதைத் தடுக்கிறது; காற்று அந்தப் படலத்தைத் துடைத்துக்கொண்டு போய்விடுவதால் உள்ளிருக்கும் ஈரம் மேன்மேலும் வெளியேறுகிறது. வேட்டிக்கு நேர்வதே உதட்டுக்கும் நேர்கிறது.

இந்த விஷயத்தை எழுதவேண்டும் என்ற எண்ணம் எனக்குச் சந்தையில் பிறந்ததன்று. என் அண்ணன் மகளால் பிறந்தது. தென்காசிக்குப் பஸ் ஏறிப் படிக்கப் போய்வந்த அந்தப் பெண்ணுக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஆடி பிறந்த இரண்டாம் வாரம் முகத்தைத் துப்பட்டாவால் பாதி மறைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“சித்தப்பா, ஒதடு இப்டிக் கருத்துப்போய்க் கெடக்கே, கல்யாணத்துக்குள்ள செவக்க வைக்கணும். எலுமிச்சம்பழத்தையும் சீனியையும் வச்சுத் தெனமும் தேய்க்கேன். கொறையவே மாட்டேங்கு.”

அவள் இதைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று முறை நாக்கை நீட்டி உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள். உதட்டைச் சுற்றிலும், நாக்கின் நுனி எட்டுகிற எல்லை வரையில், பழுப்பு நிறத்தில் ஒரு வளையம் விழுந்திருந்தது. மேலுதட்டுக்கு மேல் எலுமிச்சைச் சாறு வழிந்த தடத்திலோ அதைவிட அழுத்தமான கருங்கோடு. நோயும் அதன் காரணமும் மருந்தென்று அவள் எண்ணிய அபத்தமும் ஒரே முகத்தில் எழுதியிருந்தன.

உதடு என்பது நமது சரீரத்தின் தோலில் ஒரு விசித்திரமான எல்லைப்புறம். முகத்துத் தோல் ஒரு பக்கம், வாயின் உட்புறத்துச் சவ்வு மறுபக்கம்; இரண்டுக்கும் இடைப்பட்ட அந்தச் சிவந்த வரப்பு இரண்டில் எதையும் முழுமையாகச் சார்ந்ததன்று. முகத்துத் தோலுக்கு வியர்வைச் சுரப்பிகளும் எண்ணெய்ச் சுரப்பிகளும் உண்டு. அவை ஊறவைக்கும் எண்ணெய்ப் பூச்சினால் அது தன்னைத் தானே காத்துக்கொள்கிறது. உட்சவ்வை உமிழ்நீர் ஓயாமல் நனைக்கிறது. உதட்டுக்கோ வியர்வையும் இல்லை, ரோமமும் இல்லை, எண்ணெயும் ஏறக்குறைய இல்லை. மேலே போர்த்தியிருக்கும் செத்த உயிரணுக்களின் போர்வையும் மிக மெல்லியது. மெல்லியதாக இருப்பதனாலேயே கீழே ஓடும் ரத்தத்தின் செம்மை புறத்தே தெரிகிறது. கவிகள் பவளமென்றும் கோவைப்பழமென்றும் கொண்டாடியதெல்லாம், உண்மையில், போர்வை போதாத ஓர் அங்கத்தின் ஏழ்மையைத்தான்.

அந்த மெல்லிய போர்வைக்கு அடியில் மெலனின் என்னும் நிறப்பொருளை உண்டாக்கும் உயிரணுக்களும் இருக்கின்றன. நம்மவரில் பெரும்பாலோருக்கு உதடு பழுப்பாகவோ கருஞ்சிவப்பாகவோ இருப்பது அந்த உயிரணுக்களின் பிறவிச் சுபாவத்தினால். அது வெயில் நாட்டில் வாழும் மாந்தருக்குப் பரம்பரையாக வந்த குடை. அதை ஒரு வியாதியாகக் கருதிச் சிகிச்சை தேடுவது, மீனுக்கு ஏன் செதில் என்று வருந்துவதைப் போன்றது. ஆனால் பிறவிக் கருமையின்மேல் பின்னால் வந்து சேரும் கருமை ஒன்று உண்டு. தோலில் எந்த இடம் அடிக்கடி வெடித்து, உரிந்து, அழன்று ஆறுகிறதோ, அந்த இடத்தில் நிறப்பொருள் மிகுதியாகச் சுரந்து தங்கிவிடும். முழங்காலில் ஆறிய காயம் கறுத்துக் கிடப்பதும் இவ்வாறுதான். ஆகவே வறட்சியும் கருமையும் வேறு வேறு என்றாலும், நெடுநாள் நீடித்த வறட்சி தன் கணக்கில் கொஞ்சம் கருமையைப் பற்றெழுதி வைத்துவிடுகிறது. வறட்சியைத் தீர்த்தால் அந்தப் பற்று மட்டும் சில மாதங்களில் மெல்லக் கழியும். பிறப்பிலே வந்த மூலதனம் கழியாது.

நாக்கால் நனைப்பது மிகக் கெட்ட பழக்கம். உமிழ்நீர் உலரும்போது உதட்டில் இருந்த சொற்ப ஈரத்தையும் கூடவே கொண்டுபோகிறது. சோற்றைக் கரைப்பதற்காக ஏற்பட்ட அதன் ஜீரணப் பொருள்கள் பலவீனமான தோலையும் கொஞ்சம் அரித்துப் பார்க்கின்றன. காய்ந்ததனால் நனைக்கிறோம், நனைத்ததனால் மேலும் காய்கிறது, மேலும் காய்ந்ததனால் மறுபடி நனைக்கிறோம். என் அண்ணன் மகளின் முகத்தில் கண்ட பழுப்பு வளையம் இந்தச் சக்கரம் உருண்ட தடம்.

இவ்விடத்தில் ஆயுர்வேத ஆசானான சுசுருதரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. வாய்க்குள் ஏழு ஸ்தானங்களில் அறுபத்தைந்து நோய்களை வகுத்த அவர், உதட்டுக்கென்று எட்டைக் குறிப்பிடுகிறார்; பின்வந்த வாக்படர் அதைப் பதினொன்றாக்கினார். எட்டில் முதலாவது, வாதத்தால் வருவது. அதற்கு அவர் சொல்லும் லட்சணங்களைத் தமிழில் சொல்லிப் பார்த்தால், சந்தையில் மூட்டை தூக்குகிறவரை எதிரில் நிறுத்திவைத்துக்கொண்டு எழுதினாரோ என்று தோன்றும்: உதடு கரடுமுரடாகும், விறைக்கும், கறுக்கும், வலிக்கும், வெடிக்கும், தோல் உரியும். கருமையையும் வெடிப்பையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொன்னதோடு நில்லாமல், இதெல்லாம் வாயுவின் சீற்றம் என்று காரணமும் கூறுகிறார். ஆயுர்வேதத்தின் வாயு உடம்புக்குள் இயங்கும் ஒரு தத்துவமே ஒழிய ஆரியங்காவுக் காற்றன்று என்பதை நான் அறிவேன். இரண்டையும் ஒன்றாக்கிப் பழையவர்கள் எல்லாவற்றையும் அன்றே கண்டார்கள் என்று மார்தட்டுவது எனக்கு உடன்பாடும் அன்று. எனினும் வறட்சி, குளிர்ச்சி, சலனம் ஆகிய குணங்களைப் புறத்தே வீசும் காற்றில் கண்டுதான் அகத்தே இருக்கும் வாதத்துக்கும் ஏற்றிச் சொன்னார்கள் என்பதால், அந்தச் சொல் இங்கே பொருந்தியது முற்றிலும் தற்செயல் என்றும் எண்ணத் தோன்றவில்லை.

அதைவிட வியப்பூட்டுவது அவர் சொல்லும் சிகிச்சை. நெய், எண்ணெய், கொழுப்பு, மஜ்ஜை என்னும் நான்கு வகை ஸ்நேகப் பதார்த்தங்களோடு தேன்மெழுகைச் சேர்த்து உதட்டில் பூசவேண்டும் என்பது அவர் விதி. குழாய் வழியாக ஆவி பிடிப்பதையும் சேர்த்துச் சொல்கிறார். மேல்நாட்டிலிருந்து சின்னஞ்சிறு குப்பிகளில் வரும் உதட்டுப் பூச்சுகளின் சேர்மானப் பட்டியலைப் படித்துப் பாருங்கள்: ஏதாவது ஓர் எண்ணெய், ஏதாவது ஒரு கொழுப்பு, தேன்மெழுகு. வாசனையும் வர்ணமும் நீங்கலாக மீதி எல்லாம் சுசுருதரின் பட்டியல்தான். எண்ணெய் மட்டும் பூசினால் வழிந்தும் நக்கியும் போய்விடும். மெழுகு சேர்ந்தால் உதட்டின்மேல் ஓர் உறை போலப் படிந்து நின்று, காற்று துடைத்துக்கொண்டு போகும் நீராவியை உள்ளேயே நிறுத்திவைக்கிறது. பெட்ரோலியக் கிணறுகளின் கசடிலிருந்து வடித்தெடுத்து 1872இல் அமெரிக்காவில் செஸ்ப்ரோ என்பவர் உரிமை பதிவுசெய்த வாசலினும் செய்வது இதே காரியத்தைத்தான். காசு குறைவு, கெட்டும் போகாது. மூலிகை அன்று என்ற ஒரே காரணத்துக்காக அதை வெறுப்பவர்களிடம் எனக்கு அனுதாபம் இல்லை.

எண்ணெயை வாயில் வைத்துக் கொப்பளிப்பதைச் சரகர் தினசரி ஆசாரமாகவே விதித்து, அதனால் தொண்டை வறளாது, உதடு வெடிக்குமென்ற பயம் இல்லை என்று பலனும் கூறுகிறார். நல்லெண்ணெய் கொப்பளிக்கும்போது உதட்டின் இருபுறமும் எண்ணெய் தடவப்பட்டுவிடுகிறது என்ற அளவில் இது நியாயமே. ஆனால் தொப்புளில் எண்ணெய் விட்டால் உதடு மிருதுவாகும் என்று பாட்டிமார் சொல்லிவருகிறார்களே, அதற்கு மட்டும் நான் எங்கும் ஆதாரம் காணவில்லை. கருவில் இருந்தபோது தொப்புள் வழியே ஓடிய ரத்தக் குழாய்கள் பிறந்தபின் அடைபட்டு வெறும் நார்களாகிவிடுகின்றன, உதட்டுக்கு அங்கிருந்து ரஸ்தா ஏதும் இல்லை. குற்றாலத்து அருவிக்கரையில் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை எண்ணெயைத் தேய்த்துவிடும் ஆட்களும், தேய்த்துக்கொள்ளும் யாத்ரீகர்களும், உதட்டை மட்டும் மறந்துவிடுவது ஏன் என்பதும் எனக்கு விளங்கவில்லை.

இதுவரை வெளியே இருந்து வரும் வறட்சியைச் சொன்னேன். உள்ளே இருந்து வருவது ஒன்று உண்டு. அதன் வரலாறும் நமது மாகாணத்தில்தான் நடந்தது. 1918இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில், ஓர் அறையில், மக்காரிசன் என்னும் ராணுவ வைத்தியர் பெரிபெரி என்ற வியாதியைப் பற்றி ஆராயத் தொடங்கினார். நாளடைவில் அது போஷாக்கு ஆராய்ச்சிச் சாலையாக வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்குக் குடிபெயர்ந்து, தேசியப் போஷாக்கு நிலையமாகப் பேர்பெற்றது. மக்காரிசனுக்குப்பின் தலைமையேற்ற அய்க்ராய்டும், கிருஷ்ணன் என்னும் ஆராய்ச்சியாளரும், தென்னிந்தியாவில் அரிசியையே நம்பி வாழ்ந்த ஏழைகளிடையே ஒரு வாய்நோய் பரவலாக இருப்பதைக் கண்டார்கள். கடைவாய் இரண்டும் வெளுத்து ஊறிப் பிளக்கும், நாக்கு எரியும். நம் ஊரில் கடைவாய்ப்புண் என்று சொல்லி, உஷ்ணம் என்று தள்ளிவிடுவது இதைத்தான். உஷ்ணமன்று, பி2 என்னும் ஜீவசத்தின் குறைவு என்று 1936இல் அவர்கள் எழுதினார்கள். சில ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் செப்ரெல், பட்லர் என்ற இருவர், 18 பெண்களுக்கு அந்த ஜீவசத்து குறைந்த உணவையே கொடுத்து வந்து, பலருக்கு உதடு சிவந்து கடைவாய் பிளப்பதைக் கண்டு, பிறகு அந்த ஜீவசத்தைக் கொடுத்ததும் ஆறியதையும் கண்டு, காரியத்தை ஐயந்திரிபற ஸ்தாபித்தார்கள்.

ரிபோஃப்ளேவின் என்று ரசாயனிகள் பேரிட்ட அந்தச் சத்து, மஞ்சள் நிறமானது. பி-காம்ப்ளக்ஸ் மாத்திரை விழுங்கிய அன்று சிறுநீர் பளீரென்று மஞ்சளாகப் போவதைக் கண்டு கலவரப்பட்டவர்கள் அந்தச் சத்தைக் கண்ணாலேயே பார்த்தவர்கள். உடம்புக்கு வேண்டியது போக மீந்ததுதான் அவ்வாறு கழிகிறது. உதட்டைப் போல ஓயாமல் தேய்ந்து புதுப்பிக்கப்படும் தோலுக்கு இந்தச் சத்து இடைவிடாமல் வேண்டியிருப்பதால், எங்கே குறைந்தாலும் முதலில் கடைவாயில்தான் குறை தெரிகிறது. வளர்ந்த ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 2 மில்லிகிராம் வேண்டும். தீட்டிய அரிசி 100 கிராமில் இருப்பதோ 0.05 மில்லிகிராம் அளவே. அதாவது அரிசியைக் கொண்டே கணக்கைத் தீர்ப்பதானால் ஒருவர் நாளுக்கு 4 கிலோ அரிசி சமைத்துச் சாப்பிட வேண்டும். அதே 100 மில்லி பாலில் 0.2 மில்லிகிராம் இருக்கிறது. ஒரு கோழிமுட்டையிலும் ஏறத்தாழ அவ்வளவே. ஈரலில் தாராளமாக இருக்கிறது. கீரைகளிலும் பயறுகளிலும் ஓரளவு உண்டு. தயிருக்கும் மோருக்கும் பாலின் பங்கு பெரும்பாலும் வந்துவிடுகிறது. காலையில் பால் முழுவதையும் சொஸைட்டிக்கு ஊற்றிவிட்டுப் பால் கலக்காத கட்டன் சாயாவோடு ரொட்டியை நனைத்துத் தின்னும் வீடுகளில் குழந்தைகளின் கடைவாயைப் பார்த்தால் இந்தக் கணக்கு புரியும்.

இந்தச் சத்துக்கு வெளிச்சம் ஆகாது. பாலைக் கண்ணாடிப் பாட்டிலில் வெயிலில் சில மணி நேரம் வைத்தால் பெரும்பங்கு அழிந்துபோகும். முருங்கையிலையைப் பறித்துவந்து மொட்டை மாடி வெயிலில் சருகாக்கிப் பொடித்து வைப்பவர்களும் இதையே இழக்கிறார்கள். மூலிகை எதுவாயினும் நிழலில் உலர்த்து என்று நம் வைத்தியர்கள் திரும்பத் திரும்பச் சொன்னதற்கு அவர்கள் வேறு காரணம் கொண்டிருக்கலாம். விதி என்னவோ சரியான விதி.

இரும்புச் சத்துக் குறைவும் கடைவாயைப் பிளக்கும். அப்போது உதடு கறுக்காது, வெளிறும். சாப்பிட்ட கையோடு சாயா குடித்தால் கீரையில் உள்ள இரும்பு உடம்பில் ஒட்டாமல் போகிறது. கீரையோடு எலுமிச்சை பிழிந்தால் நன்றாக ஒட்டுகிறது. எலுமிச்சைக்கு உதட்டுக்கு உதவும் வழி ஒன்று உண்டென்றால் அது வயிற்றின் வழிதான், உதட்டின்மேல் தேய்ப்பதன்று. பல் போன கிழவர்களுக்குக் கடைவாய் மடிந்து உமிழ்நீர் தேங்கிப் பூஞ்சை பிடிப்பது வேறு சமாசாரம். அதற்குச் சத்து மாத்திரை பயன்படாது.

கருமைக்கும் போஷாக்குக்கும் சம்பந்தமே இல்லையா என்றால், உண்டு. அதைக் கண்டு சொன்னதும் தமிழ்நாடுதான். வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியில் பேக்கர் என்பவரும் அவர் தோழர்களும், பி12 என்னும் ஜீவசத்து குறைந்த நோயாளிகள் சிலருக்குக் கைகால்களில், விசேஷமாக விரல் கணுக்களின்மேல், தோல் கறுத்துப்போவதையும், அந்தச் சத்தைக் கொடுத்தபின் கருமை மறைவதையும் கண்டு 1963இல் பிரிட்டிஷ் வைத்தியப் பத்திரிகையில் எழுதினார்கள். இந்தச் சத்து மாமிசம், மீன், முட்டை, பால் ஆகியவற்றில் அன்றித் தாவரங்களில் கிடைப்பதில்லை. ஆகையால் மரக்கறி உணவினர், அதிலும் பாலை விலக்கியவர், உதடும் விரல் கணுவும் ஒருசேரக் கறுத்து, நாக்கு வழவழப்பாகி, கைகால் மதமதக்கத் தொடங்கினால், தைலம் தேடாமல் ரத்தத்தைச் சோதித்துப் பார்ப்பது விவேகம். மற்றவர்கள் கறுத்த உதட்டுக்கு ஜீவசத்து மாத்திரை விழுங்குவதில் கண்ட பலன் மஞ்சள் சிறுநீர் ஒன்றே.

நம் பிரதேசத்தில் கருமைக்குப் பெருங்காரணம் வேறு. அதைச் சொல்லாமல் கீரையைப் பற்றி மட்டும் எழுதினால் நான் நேர்மையற்றவனாவேன். பாவூர்சத்திரத்திலும் கீழப்பாவூரிலும் சுற்றுப்பட்ட கிராமங்களிலும் மத்தியான வேளையில் தெருவில் நடந்து போனால், திண்ணைதோறும் பெண்கள் மடியில் சுளகு வைத்துக்கொண்டு, இலையைக் கத்தரித்து, தூளைத் தூவிச் சுருட்டி, நகத்தால் மடக்கிப் பீடிக் கட்டுகளாக அடுக்குவதைக் காணலாம். என் மதினியும் அவர்களில் ஒருத்தி. சுற்றுகிற பெண்ணின் மூச்சிலும் விரல்களிலும் புகையிலைத் தூள் ஏறுகிறது. அதனால் வரும் கேடுகள் தனியே எழுதத் தக்கவை. பிடிக்கிற ஆணுக்கோ உதடு கறுக்கிறது. பீடி இலை சிகரெட்டுக் காகிதம் போல் தானே கனன்று எரிவதில்லை. அணைந்துவிடாமலிருக்க அடிக்கடி இழுக்க வேண்டும். கட்டையாகக் குறைந்தபின்னும் காசை வீணாக்க மனமின்றி உதட்டருகே நெருப்பு வரும் மட்டும் இழுப்பார்கள். புகையும் நிகோடினும் நிறப்பொருள் உயிரணுக்களைத் தூண்டிவிட, தோல் தன்னைக் காத்துக்கொள்ளக் கருமையைப் பூசிக்கொள்கிறது. உதட்டில் மட்டுமன்றி ஈறிலும் பூசிக்கொள்கிறது. பீடியை விட்டால் இந்தக் கருமை மாதங்களில், சிலருக்கு வருஷங்களில், மங்குகிறது. பீடியை விடாமல் பூசும் எந்தத் தைலமும், ஓட்டைக் குடத்தில் ஊற்றும் தண்ணீரே.

வெயிலும் ஒரு பங்காளி. வாயை மூடிக்கொண்டு நின்றால் கீழுதடு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதால் வெயில் அதன்மேல் நேராக விழுகிறது. வயலில் நிற்பவர்களுக்கும் சந்தையில் நிற்பவர்களுக்கும் மேலுதட்டைவிடக் கீழுதடு சீக்கிரம் கெடுவது இதனால். தலையில் முண்டாசு கட்டுவதைவிட, முன்புறம் நிழல் விழும்படி ஓலைத்தொப்பி வைத்துக்கொள்வது உதட்டுக்கு நல்லது.

இனி அந்த எலுமிச்சைக்கு வருகிறேன். எலுமிச்சைச் சந்தைக்குப் பேர்போன புளியங்குடி பக்கத்திலேயே இருப்பதால் இந்த ஊரில் எந்த அழகுக் குறிப்பும் எலுமிச்சையில் ஆரம்பிக்கிறது. அதன் தோலிலும் சாற்றிலும் சோராலென் இனத்தைச் சேர்ந்த சில பொருள்கள் இருக்கின்றன. அவை தோலில் பட்டு, அதன்மேல் வெயிலும் பட்டால், தோல் கொப்பளித்தும் கறுத்தும் போகும், அந்தக் கருமை வாரக்கணக்கில் நிற்கும். இது பழையவர்களுக்குத் தெரியாத ரகசியமன்று. இதே இனப் பொருள் மிகுந்த கார்போகரிசியைத்தான், வெண்புள்ளிமேல் பூசி வெயிலில் காட்டி, வெளுத்த தோலைக் கறுக்கவைக்க வைத்தியர்கள் காலங்காலமாகக் கையாண்டு வந்திருக்கிறார்கள். கறுக்கவைக்கும் வித்தையை வெளுக்கவைக்கும் வித்தையாக எண்ணி, காலை எட்டு மணிக்கு எலுமிச்சை தேய்த்துவிட்டுப் பஸ்ஸுக்கு வெயிலில் நின்ற பெண்ணின் மேலுதட்டில் கருங்கோடு விழாமல் என்ன செய்யும்? சீனி உரசியதில் இருந்த மெல்லிய போர்வையும் கிழிந்ததுதான் மிச்சம். பீட்ரூட் சாறு சாயம், கழுவினால் போகும், தீங்கில்லை. பற்பசையில் சேர்க்கும் காரமான வாசனைப் பொருள்களும் உதட்டுச் சாயங்களும் சிலருக்கு ஒவ்வாமல் உதட்டை அழலச் செய்து கறுக்கவைப்பதுண்டு. பற்பசையை மாற்றிப் பார்ப்பது செலவில்லாத சோதனை.

வைத்தியரிடம் போக வேண்டிய சமயங்களையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வாரமாகியும் ஆறாத புண், தடித்த வெள்ளைத் திட்டு, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ரத்தம்: இவை வெற்றிலை புகையிலைக்காரருக்கும் பீடிக்காரருக்கும் புற்றின் முன்னறிவிப்பாக இருக்கலாம். ஏதாவது மாத்திரை சாப்பிடும்போதெல்லாம் உதட்டில் அதே இடத்தில் வட்டமாகச் சிவந்து கறுத்தால் அந்த மாத்திரை ஆகாது. உதடு, ஈறு, கைரேகை எல்லாம் கறுத்து, உடம்பும் மெலிந்து, உப்பைத் தேடித் தின்னும் ஆசையும் வந்தால், 1855இல் லண்டனில் அடிசன் என்பவர் விவரித்த சுரப்பி நோயாக இருக்கக்கூடும். அன்று அதற்குப் பெருங்காரணமாக இருந்த க்ஷயரோகம் நம் நாட்டை இன்னும் விட்டபாடில்லை.

என் அண்ணன் மகளுக்கு நான் வைத்தியனல்ல. ஆயினும் எலுமிச்சையையும் சீனியையும் பிடுங்கி வைத்துவிட்டு, நாட்டு மருந்துக் கடையில் தேன்மெழுகு வாங்கிவரச் சொன்னேன். அது கல்கண்டுக் கட்டி போலக் கிடைக்கும். சில சமயம் தேனீயின் கால்கூட ஒட்டியிருக்கும். ஒரு பங்கு மெழுகுக்கு நான்கு பங்கு எண்ணெய் என்ற நிறைக் கணக்கில், நல்லெண்ணெய் பாதியும் பசுநெய் பாதியுமாக எடுத்துக்கொண்டோம். நேரே அடுப்பில் வைத்தால் நெய் கருகும். ஆகையால் கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் சிறு கிண்ணத்தை இறக்கி, மெழுகு கரையுமட்டும் வேப்பங்குச்சியால் கிளறினாள். மெழுகு அறுபது டிகிரிக்கு மேலேதான் உருகுமாதலால் கொஞ்சம் பொறுமை வேண்டும். கரைந்ததும் எவர்சில்வர் தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஆறியபின் விரலால் வழித்துப் பார்த்துப் பதம் கண்டோம். நகத்தில் ஒட்டிக்கொண்டு உதட்டில் வைத்ததும் இளகினால் அது பதம். பழைய குங்குமச் சிமிழ் ஒன்றில் ஊற்றிவைத்தாள். வெளியே புறப்படுமுன்னும் படுக்கப்போகுமுன்னும் பூசவேண்டும். நாக்கு உதட்டுக்கு வரும் போதெல்லாம் நெய்வாசனை அவளுக்கே நினைவூட்டும். இரவில் ஒரு தம்ளர் பாலும் சேர்ந்தது.

எரிச்சல் நான்கு நாளில் நின்றது. தோல் உரிவது பத்து நாளில் நின்றது. கருங்கோடு கல்யாணத்தன்று முகப்பூச்சுக்கு அடியில் இருந்தது; ஐப்பசியில் மறுவீட்டுக்கு வந்தபோது தேடிப் பார்க்கும்படி ஆகிவிட்டது. உதட்டின் நிறம் என்னவோ அவள் அம்மையின் உதட்டு நிறந்தான், அவள் ஆச்சியின் நிறமும் அதுவே.

சிமிழ் மட்டும் ஒரு குறை சொல்லிற்று. சித்திரையில் ஒருநாள் மதினி அதைப் பீடிச் சுளகில் வைத்தபடி திண்ணை வெயிலில் மறந்துபோக, உள்ளிருந்தது முழுவதும் இளகி வழிந்து ஐம்பது பீடியை நெய்யாக்கிவிட்டது. “ஒம்ம மருந்து குற்றாலத்துக்குத்தான் லாயக்கு கொழுந்தனாரே, பாவூர்ச்சத்திர வெயிலுக்கு ஆவாது” என்றாள். மறுமுறை மூன்று பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு மெழுகு போட்டோம்.